மரத்தில் எழுதும் தீ

மரத்துக்கும் தீக்கும் உள்ள உறவு பகையுறவு என்பது குழந்தையும் அறிந்த செய்தி. ஆயினும் அந்தப் பகையையே வேலையாளாக அமர்த்தி, மரத்தின்மேல் கோலம் போடச் செய்த மனிதர்கள் பல நாடுகளில் இருந்திருக்கிறார்கள், இன்றும் இருக்கிறார்கள். காய்ச்சிய இரும்பு முனையால் மரத்தைப் பொன்னிறமாகவும் பழுப்பாகவும் கரியதாகவும் சுட்டு உருவம் வரைந்து, அதன்மேல் சாயமும் வண்ணமும் ஏற்றி அழகு செய்யும் கலையைப் பற்றி இன்று சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

மொழிபெயர்ப்பு என் பிழைப்பு. ஆதலின், பொருளைக் காணுமுன் பெயரைக் காண்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. இக்கலையை மேனாட்டார் பைரோகிராஃபி என்கின்றனர். கிரேக்க மொழியில் தீக்கும் எழுத்துக்கும் உரிய இரு சொற்கள் சேர்ந்து பிறந்த பெயர் அது. தீயெழுத்து என்று நேராகவே தமிழாக்கிவிடலாம். ஆங்கிலேயர் வீட்டு வழக்கில் இதற்கு வேறொரு பெயரும் உண்டு. கணப்பு அடுப்பின் கரியைக் கிளறும் இரும்புக் கோலாலேயே முற்காலத்தில் இதைச் செய்தமையால், அந்தக் கோலின் பெயரையே கலைக்கும் இட்டு, போக்கர் வேலை என்றனர். நம்மிடமும் அத்தகைய கோலுக்குப் பெயர் இல்லாமல் இல்லை. மாட்டுக்கு அடையாளக் குறியிட நம் நாட்டுப்புறத்தார் வைத்திருந்த கருவி சூட்டுக்கோல். கருவி ஒன்றே, அது மாட்டின் தோலில் பட்டால் உடைமைக் குறி, மரத்தின் தோலில் பட்டால் ஓவியம்.

தமிழ்நாட்டில் இந்தத் தீவேலைக்குப் பழைய சான்று ஒன்று உண்டு. தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், மாடு மேய்க்கும் கோவலன் ஒருவன் தீக்கடைகோலால் நெருப்பை உண்டாக்கி, அந்த நெருப்பினால் மூங்கிலில் துளையிட்டுக் குழல் செய்து வாசிக்கும் காட்சி வருகிறது. தீயினால் துளைத்தமையால் துளை கரியதாக இருக்கிறது என்பதையும் புலவர் கவனித்திருக்கிறார். இன்றும் புல்லாங்குழல் செய்வோர் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் துளையிடும் வழக்கம் உண்டு. துளைக்கும் கருவியால் மூங்கில் பிளந்துவிடும் அச்சம் உண்டு. தீயோ நாரைப் பிளக்காமல் எரித்துக்கொண்டே உள்ளே செல்கிறது. முதலில் தேவைக்காக வந்த தீ, பிறகு அழகுக்காகவும் தங்கிவிட்டது என்று கொள்வதில் தவறில்லை.

தேவையும் அழகும் ஒரே குழலில் சேர்ந்திருப்பதைக் காண வேண்டுமானால் சத்தீஸ்கர் மாநிலத்தின் பஸ்தர் காடுகளுக்குச் செல்ல வேண்டும். அங்கே நாராயண்பூர்ப் பகுதியில் கோண்டு மக்கள் செய்யும் மூங்கிற்குழல் ஒன்று உண்டு. அதை வாயில் வைத்து ஊத வேண்டியதில்லை. கையில் பிடித்துக் காற்றில் சுழற்றினால், குழாயினூடே காற்றுப் புகுந்து தானே ஒலிக்கும். காட்டு வழியில் இரவில் நடப்பவனுக்குத் துணையாகவும் விலங்குகளை விலகச் செய்வதற்காகவும் இது பயன்பட்டதென்று சொல்வார்கள். இக்குழலின் உடல் முழுவதும் கோடுகளும் முக்கோணங்களும் கட்டங்களும் காய்ச்சிய இரும்பினால் சுட்டு வரையப்பட்டிருக்கும். இக்குழலையும் மரச் சிற்பங்களையும் செய்து புகழ்பெற்ற நாராயண்பூர்க் கலைஞர் பாண்டிராம் மண்டாவிக்கு 2023 ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அதே பஸ்தரில் உலர்ந்த சுரைக்குடுக்கைகளின்மேல் சூடேற்றிய கத்தியால் பூவும் இலையும் மனித உருவும் வரைந்து விளக்குக் கூடுகளாக ஆக்குவோரும் இருக்கின்றனர். கடலுக்கு அப்பால் பெரு நாட்டின் மலைவாழ் மக்களும் சுரைக்குடுக்கையில் உருவங்களைச் செதுக்கி, கனலும் குச்சியால் நிழல் தீட்டுகிறார்கள். ஒருவரை ஒருவர் அறியாத இரு மக்கள் ஒரே காயின்மேல் ஒரே தீயைப் பிடித்திருப்பது எண்ணி மகிழத் தக்கது.

மேனாட்டில் 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இக்கலைக்குப் புதிய கருவி ஒன்று வாய்த்தது. உள்ளே துளையுள்ள பிளாட்டின முனையினுள் எரியும் ஆவியைச் செலுத்தி, அந்த முனையை இடைவிடாது கனன்றிருக்கச் செய்தனர். அடிக்கடி அடுப்பில் வைத்துக் காய்ச்ச வேண்டிய தொல்லை நீங்கியது. உடனே அது வீட்டுப் பெண்மணிகளின் பொழுதுபோக்காகப் பரவிற்று. பின்னர் மின்சாரம் வந்து அந்த ஆவியையும் விடுவித்தது.

ஆனால், தீயோடு வண்ணத்தை மணமுடித்து வைத்த பெருமையை நான் ருஷ்ய நாட்டுப் பொம்மைக்காரர்களுக்குக் கொடுப்பேன். மாஸ்கோவிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தொலைவில் உள்ள செர்கியேவ் பொசாத் என்னும் ஊர் பொம்மைத் தொழிலுக்குப் பேர்போனது. ஒன்றினுள் ஒன்றாக அடங்கும் மாத்ரியோஷ்கா பொம்மைகளிலும் மரப் பெட்டிகளிலும் உருவத்தின் விளிம்பைச் சுட்டு வரைந்து, நடுவில் வண்ணம் நிரப்பும் முறை அங்கே வளர்ந்தது. நீழ்னி நோவ்கொரத் வட்டாரத்துப் பொல்ஹோவ் மைதான் என்னும் சிற்றூரிலும் தொடக்கத்தில் அவ்வாறே செய்தனர். பிற்காலத்தில் அங்கே சுட்ட கோட்டை விட்டு மைக் கோட்டுக்கு மாறி, சாயம் மரத்தில் ஓடிப் பரவாதிருக்கக் கஞ்சிப்பசையை முன்னதாகப் பூசிக்கொண்டார்கள். இந்தச் சிறு செய்தியில் தொழிலின் மருமம் ஒன்று அடங்கியிருக்கிறது. அதைச் சற்று விளக்குகிறேன்.

மரம் என்பது நுண்ணிய குழாய்களின் கட்டு. அதன்மேல் நீர்த்த சாயத்தை வைத்தால், அது அந்தக் குழாய்களின் வழியே நாரின் போக்கில் ஓடும். ரோசாப்பூவுக்கு வைத்த சிவப்பு, பக்கத்து இலைக்குள்ளும் புகுந்துவிடும். காய்ச்சிய முனை ஒரு கோட்டை வரையும்போது அந்த இடத்து நாரைக் கருக்கி, சிறு பள்ளத்தையும் உண்டாக்குகிறது. இது வயலுக்கு வரப்புப் போட்டது போன்றது. நீர் பாய்ச்சினால் வரப்புக்குள் பெரும்பாலும் நிற்கும். ஆதலின் சுட்ட கோடு வெறும் அழகுக்கு இட்ட எல்லையன்று. சாயத்துக்கு இட்ட அணை. அந்த அணையைக் கைவிட்டவர்களுக்குக் கஞ்சிப்பசை தேவைப்பட்டது. நம் நாட்டுக் கலங்காரியிலும் காளத்தியிலும் கும்பகோணத்துப் பக்கத்துச் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் முதலில் கருங்கோடு, பிறகுதான் வண்ணம் என்ற வரிசை இருப்பதை நீங்கள் அறிவீர்கள்.

இனிச் சூட்டின் இயல்பைக் காண்போம். மரம் மூன்று பொருள்களால் ஆனது எனலாம்: செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின். வெப்பம் 200 பாகை செல்சியஸைத் தாண்டும்போது முதலில் ஹெமிசெல்லுலோஸ் சிதையத் தொடங்குகிறது; மரம் தேன் நிறம் கொள்கிறது. 300 பாகையை நெருங்கும்போது செல்லுலோஸும் சிதைகிறது. நிறம் காப்பிப் பொடியாகி, பின்னர்க் கரியாகிறது. இளம் பழுப்பு முதல் கருமை வரை அத்தனை நிறங்களும் ஒரே முனையிலிருந்து வருவது இதனால்தான். சூட்டின் அளவு, முனை தங்கும் நேரம், கையின் அழுத்தம் ஆகிய மூன்றுமே இங்கே வண்ணக் கிண்ணங்கள். கை ஒரு நொடி தயங்கினால் அங்கே ஒரு கரும்புள்ளி விழும். அதை அழிக்க அழிப்பான் இல்லை.

எந்த மரம் ஏற்றது என்ற கேள்வி எழும். வெண்ணிறமும் நெருங்கிய நாரும் உடைய மரம் ஏற்றது. சன்னபட்டணத்துப் பொம்மைகள் கடையப்படும் வெட்பாலை அத்தகையது. தேக்கில் எண்ணெய்ப் பசை மிகுதி. பைன் மரத்தில் பிசினும், மென்மையும் வன்மையும் மாறி மாறி வரும் வளையங்களும் இருப்பதால் கோடு துள்ளும். மூங்கிலின் கதை தனி. வெளியே வயிரம் உடையது புல், உள்ளே வயிரம் உடையது மரம் என்று தொல்காப்பியர் வகுத்தார். அந்த வகுப்பின்படி மூங்கில் புல்லினம். வயிரம் வெளியே இருப்பதால் சூட்டுக்கோடு அதன் தோலில் ஆழமாகச் செல்லாமல் கூர்மையாக நிற்கும். சாயமோ உள்ளே ஏறாது. பஸ்தர்க் குழல்கள் பெரும்பாலும் பழுப்பும் பொன்னுமாகவே நின்றுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

சாயமும் வண்ணமும் ஒன்றெனப் பலர் கருதுவர். அவை வேறு. சாயம் நாருக்குள் புகுந்து தங்குவது. மரத்தின் ரேகையை மறைக்காது. வண்ணம் மேலே படிந்து நிற்பது, ரேகையை மூடிவிடும். நம் மகாராஷ்டிரத்துச் சாவந்தவாடியில் செய்யும் மரப் பழங்களிலும் பொம்மைகளிலும் மரம் முற்றிலும் மறைந்து வண்ணமே ஆள்கிறது. அது ஒரு மரபு. தீயெழுத்தில் மரமும் பேச வேண்டும். ஆதலால் பரந்த இடங்களுக்குச் சாயம், கண்ணைக் கவரவேண்டிய சிறு இடங்களுக்கு மட்டும் வண்ணம் என்பது நல்ல நெறி. ஒரு மயில் வரைந்தால் உடலுக்கு நீலச் சாயம், தோகைக் கண்ணுக்கு ஒரு சொட்டு வண்ணம் போதும்.

சாயத்துக்குக் கடைக்குத்தான் ஓட வேண்டும் என்பதில்லை. கடுக்காய் நீரைப் பூசி உலர்த்தி, அதன்மேல் இரும்புத் துருவும் வெல்லமும் சேர்த்துப் புளிக்கவைத்த நீரைத் தடவினால் கருமை பிறக்கும். கலங்காரிக்காரர் கையாளும் கருமை இதுவே. தேயிலை வடிநீர் இளம் பழுப்புத் தரும். மஞ்சள் உடனே அழகாக நிற்கும். ஆனால் வெயில் பட்டால் வெளிறிவிடும். சன்னலோரத்தில் மாட்ட வேண்டிய பலகைக்கு மஞ்சளை நம்ப வேண்டாம்.

வரிசையை மறவாதிருப்பது நன்று. முதலில் உப்புத்தாளால் நாரின் போக்கில் தேய்ப்பது, அடுத்துப் பென்சிலால் மெல்ல வரைவது, பின்பு சுடுவது, கரித்தூளைத் துடைத்தபின் சாயம், அது நன்கு உலர்ந்தபின் வண்ணம், இறுதியில் அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்த மெருகோ, ஆளிவிதை எண்ணெயோ. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிதல் கூடாது. அது தானே சூடேறித் தீப்பற்றும் இயல்புடையது. விரித்து உலர்த்த வேண்டும். சுடும் வேலை சாயத்துக்கும் வண்ணத்துக்கும் முன்னரே முடிந்துவிட வேண்டும் என்பது வெறும் தொழில் விதியன்று, உயிர் விதி. வண்ணம் எரிந்த புகையும், பசையிட்டு ஒட்டிய பலகைகள் எரிந்த புகையும் நுரையீரலுக்குத் தீங்கு செய்வன. தனி மரத்தைச் சுடும்போதும் சன்னலைத் திறந்து வைத்து, புகை முகத்தை விட்டு விலகிச் செல்லுமாறு அமர வேண்டும்.

இந்தக் கலை எங்கோ காட்டிலும் கடலுக்கு அப்பாலும் மட்டும் வாழ்வதாக எண்ண வேண்டாம். நான் குடியிருக்கும் ஆண்டாப் ஹில் பகுதியில் மத்திய அரசு ஊழியர் குடியிருப்புகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. எல்லா வீடும் ஒரே அச்சு. எல்லாக் கதவும் ஒரே நிறம். மாற்றல் உத்தரவு வந்தால் வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைக்க வேண்டும். அத்தகைய இடத்தில் கதவின்மேல் மாட்டும் பெயர்ப்பலகை ஒன்றே குடியிருப்பவரின் சொந்த முகம். எங்கள் கட்டடத்துக்கு அடுத்த கட்டடத்தில் வாழும் அம்மையார் ஒருவர் இந்தப் பலகைகளைச் சுட்டு எழுதித் தருகிறார். லோஹார் சாலில் வாங்கிய பற்றாசுக் கோல்தான் கருவி. வானொலிப் பெட்டி பழுது பார்ப்பவர் வைத்திருக்கும் அதே சால்டரிங் அயர்ன். பலகையை லக்கடி பந்தர் மரக்கடைகளில் வாங்கிக்கொள்கிறார்.

சென்ற ஆண்டு இளைஞர் ஒருவர் அவரிடம் ஒரு பழம்பலகையைக் கொண்டுவந்தார். ஊரில் பாட்டனார் கட்டிய வீட்டைப் பங்காளிகள் விற்றுவிட்டார்கள், வாங்கியவர் இடித்துவிட்டார். தலைவாசல் கதவிலிருந்து கிடைத்த பலாப்பலகை அது. அதில் ஊர்ப் பெயரையும் வீட்டின் முகப்பையும் எழுதித் தரவேண்டும் என்பது அவர் விருப்பம். விலையைக் கேட்டதும் அவர் முகம் மாறிற்று.

“மாமி, தாதரில் லேசர் மெஷினில் இதில் பாதி விலைக்குச் செய்து தருகிறார்களே” என்றார்.

அம்மையார் கோபப்படவில்லை. “எழுத்து மட்டும் வேண்டுமானால் அங்கேயே கொடு, தம்பி. என்னைவிட அது நேராக எழுதும்” என்றார். பிறகு பலகையைத் திருப்பிக் காட்டினார். நடுவில் ஒரு கணு. ஓரத்தில் பூச்சி அரித்த தடம். மேலே மூன்று அடுக்குப் பழைய வண்ணம். “மெஷின் இந்தக் கணுவையும் நல்ல மரத்தையும் ஒரே சூட்டில் சுடும். கணு வன்மரம், வெளிறி நிற்கும். பக்கத்து மரம் கருகிப்போகும். நான் இதைத் தொட்டுப் பார்த்துத்தான் சூட்டை மாற்றவேண்டும்” என்றார்.

முதற்காரியமாக அவர் செய்தது சுடுவதன்று. பழைய வண்ணங்களில் ஈயம் கலந்திருக்கக் கூடும். இந்தியாவில் வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவு பத்து இலட்சம் பங்கில் 90 பங்குக்கு மிகாதிருக்க வேண்டும் என்ற சட்டவிதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய வண்ணத்தைச் சுட்டால் எழும் புகை நஞ்சு. உலரத் தேய்த்தால் எழும் தூளும் நஞ்சு. ஆதலால் பலகையைத் தச்சரிடம் அனுப்பி, வீட்டுக்கு வெளியே, மூக்கை மூடிக்கொண்டு, மேற்பரப்பை இழைத்துக் களையச் செய்தார். பலாவின் மஞ்சள் நிறம் வெளிப்பட்டது. பின்பக்கத்தில் இரண்டு மாலைப் பொழுதுகள் சூட்டைச் சோதித்தார். அதன்பின் முன்பக்கத்தில் மூன்று மாலைகள் வேலை. கணுவை மறைக்க முயலாமல், அதையே முற்றத்துக் கிணற்றின் வாயாக ஆக்கிவிட்டார். பூச்சி அரித்த தடம் வேலியோரக் கொடியாயிற்று. ஓட்டுக் கூரைக்குச் செம்மண் நிறச் சாயம்; மாடத்து விளக்குச் சுடருக்கு மட்டும் ஒரு துளி மஞ்சள் வண்ணம்.

பலகையைக் கொடுக்கும்போது ஒரு தாளில் தாம் செலவிட்ட மணிகளை எழுதிக் கொடுத்தார். மொத்தம் 11 மணி. அதில் சோதனைக்கு 4 மணி. இளைஞர் அத்தாளை நெடுநேரம் பார்த்தார். கிணறு வீட்டின் வலப்புறத்தில்தான் இருந்தது என்று ஒரு சொல் சொன்னார். பிறகு கேட்ட தொகையை எண்ணிக் கொடுத்துவிட்டுச் சென்றார். அவர் பெற்றது பாட்டன் வீடு அன்று. பாட்டன் வீட்டின் கதவில், பாட்டன் வீடு. இயந்திரம் செய்திருந்தால் நிழற்படத்தைப் போல் அச்சாகவே வந்திருக்கும். ஆனால் அந்தக் கணு கிணறாகியிராது.

அன்பர்களே, இயந்திரத்தைப் பழிப்பது என் கருத்தன்று. லேசரும் ஒரு தீயே. நூறு பலகைகளில் ஒரே முகவரியை எழுத அதுவே தக்கது. அந்த வேலையைக் கைக்கு அளிப்பது கையை வருத்துவதாகும். கையின் வேலை வேறு. ஒவ்வொரு மரத்துண்டும் ஒவ்வொரு விதமாக எரியும். அந்த வேற்றுமையைக் கேட்டு அதற்கு இணங்கிச் செல்வது கையின் வேலை. ஒரு மொழியின் வாக்கியத்தை மற்றொரு மொழியில் வைப்பவனுக்கும் இது புதிதன்று. எதிரே உள்ள பொருளின் ரேகையை அறியாமல் கோடு போட்டால், கோடு நேராக இருக்கும், பொருள் கருகிவிடும்.

ஆகவே இரண்டு வேண்டுகோள்களோடு முடிக்கிறேன். நீங்களே இதைச் செய்து பார்க்க விரும்பினால், ஒரு சிறு வெண்மரத் துண்டில், சன்னல் அருகே அமர்ந்து, முதலில் கோடுகள் மட்டும் இழுத்துப் பழகுங்கள். சிறுவர்கள் செய்தால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். ஒரு மாதம் கோடு பழகியவருக்கே பூ வசமாகும்.

மற்றொன்று, வாங்குவோருக்கு. கண்காட்சியில் பஸ்தர்க் குழலைக் கண்டால், அதன் அழகைப் பார்த்ததோடு நில்லாமல், இடம் விட்டு நின்று ஒருமுறை சுழற்றிக் கேளுங்கள். ஒலித்தால் அது குழல். ஒலிக்காவிட்டால் கோலமிட்ட மூங்கில். ஒலிக்கும் குழலைக் கேட்டு வாங்குவோர் இருக்கும் வரைதான் ஒலிக்கும் குழலைச் செய்வோரும் இருப்பார்கள். விலை மிகுதி என்று தோன்றினால், செய்தவர் அங்கே இருப்பின், இதற்கு எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று கேளுங்கள். அதற்கு விடை வந்த பிறகும் பேரம் பேச மனம் வந்தால் பேசலாம்.